'நீர் புகாது' என்று எழுதியிருந்தால் போதுமா?

மலைநடைக்கு விலை குறைந்த பூட்ஸ் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை, கேட்டுப் பெற வேண்டியவை

கார்த்திகை மாதத்து மழை. சிறுமலையில் மலைவாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையில் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போதே காலுறை சொதசொதவென்று ஊறிவிட்டது. நான் போட்டிருந்த பூட்ஸின் பெட்டியில் 'நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இணையத்தில் தள்ளுபடியில் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அரை மணி நேரத்தில் வலது காலின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். அடித்தட்டு கேழ்வரகுப் புட்டு மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது.

தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். வாழை மட்டையிலிருந்து நீளமாக நார் கிழித்தார். என் பூட்ஸை மேலும் கீழுமாகச் சுற்றிக் கட்டினார். "நனைஞ்ச நார் அறாது தம்பி, பயப்படாம இறங்குங்க" என்றார். அந்த நாரை நம்பித்தான் மிச்சப் பாதையைக் கடந்தேன். வழுக்குப் பாறையில் அடி பிரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மதுரை அருகே சமயநல்லூரில் உள்ள வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் படித்தேன். தயாரித்த மாதம், ஆண்டு என்ற இடத்தில் ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. வாங்கும்போதே அதைப் படித்திருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த பெரிய எழுத்தை நம்பினேன், பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சின்ன எழுத்தைப் பற்றியது.

மூன்று சொற்கள், மூன்று பொருள்

கடையில் மூன்று சொற்களை ஒன்றுபோலச் சொல்லி விற்கிறார்கள். 'வாட்டர் ரிபெல்லன்ட்' என்றால் மேல்துணியில் ஒரு பூச்சு இருக்கிறது, துளி உருண்டு ஓடிவிடும், சாரலுக்குப் போதும் என்று பொருள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் கொஞ்ச நேரம் தாங்கும். 'வாட்டர்ப்ரூஃப்' என்றால்தான் நீர் உள்ளே புகக் கூடாது. பூச்சு மட்டும் உள்ள பூட்ஸை மூன்றாவது சொல்லால் விற்றால் அது தவறான விளம்பரம்.

உண்மையில் நீர் புகாத பூட்ஸ் இரண்டு வகை. ஒன்று, தையலே இல்லாமல் ரப்பரிலோ பிவிசியிலோ வார்த்தது. நம் ஊரில் கம்பூட் என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று, மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு வைத்துத் தைத்தது. 1969-இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளை வேகமாக இழுத்து நுண்துளைகள் கொண்ட சவ்வாக்கினார். கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியது அதுதான். அந்தத் துளைகள் நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை, நீராவியின் மூலக்கூறைவிடப் பெரியவை. அதனால் வெளிநீர் உள்ளே வராது, உள்வியர்வை ஆவியாக வெளியே போகும். இதே தத்துவத்தில் விலை குறைந்த சவ்வுகளும் இப்போது வருகின்றன.

சவ்வு உள்ள பூட்ஸை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாக்குப் பட்டையை வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மடிப்புத் துணியால் உடலோடு சேர்த்துத் தைத்திருந்தால் நல்லது. நாக்கு தனியாகத் தொங்கினால், லேஸ் போடும் இடைவெளி வழியாகவே தண்ணீர் வந்துவிடும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது நீர் புகாத பூட்ஸ் அல்ல.

சமவெளிக் காலுக்கு உள்ளிருந்தும் ஈரம்

மதுரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பூட்ஸுக்கு உள்ளே சூடும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் சவ்வு வியர்வையை வெளியேற்றும். 2,100 மீட்டர் உயரத்தில் குளிரும் கொடைக்கானலில் அது ஒழுங்காக வேலை செய்யும். சித்திரை வெயிலில் நாகமலை அடிவாரத்தில் அதே பூட்ஸைப் போட்டு நடந்தால் ஆவி வெளியேறுவது மந்தமாகிவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டு வராது, ஆனால் வியர்வையிலேயே கால் ஊறும்.

இன்னொன்று, பூட்ஸ் கணுக்கால் வரைதான். முழங்கால் அளவு ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே இறங்கும். உள்ளே போன நீர் சவ்வு வழியாக வடியாது. குடத்தில் காலை விட்டது போல நடக்க வேண்டியதுதான். அன்று முழுவதும் காயாது.

ஆகவே எங்கே போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பனி, சாரல், ஈரப்புல் நிறைந்த உயர்மலைக்குச் சவ்வு பூட்ஸ் ஏற்றது. பல முறை ஓடையில் இறங்கி ஏறும் வழிக்கு நீர் வடிந்து சீக்கிரம் காயும், நல்ல பிடிமானமுள்ள வலைத்துணி ஷூ மேல். அரிட்டாபட்டி, சமணமலை போன்ற வறண்ட குன்றுகளுக்கு வாட்டர்ப்ரூஃப் தேவையே இல்லை, அந்தப் பணத்தை நல்ல அடிப்பாகத்துக்குக் கொடுங்கள்.

விலை குறைவாக வாங்குபவருக்கு என் முன்னுரிமை வரிசை இது: முதலில் அளவு, அடுத்து அடியின் பிடிமானம், பிறகு ஒட்டு, கடைசியில்தான் நீர்த்தடுப்பு. நனைந்த காலோடு வீடு வந்து சேரலாம். வழுக்கிய காலோடு வர முடியாது.

அளவு: உங்கள் பாதத்துக்கு ஏற்றது எது?

நாம் சொல்லும் 7, 8 என்ற எண்கள் பிரிட்டிஷ் அளவுகள். நம் பாதத்தை அளந்து உருவாக்கியவை அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் உறுதியானது. அகலம் போதாததால் பலர் ஒரு எண் பெரிதாக வாங்கி, நீளத்தில் தொளதொளக்கும் காலணியில் நடக்கிறார்கள், லேஸை இறுக்கிக் கட்டுகிறார்கள், காயப்படுகிறார்கள் என்பதும் தெரியவந்தது. இந்த ஆய்வை வைத்து 'பா' என்ற இந்திய அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது எல்லாக் கடைக்கும் வரும்வரை நம் காலை நாமே அளந்துகொள்ள வேண்டும்.

மாலையில் கடைக்குப் போங்கள். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடைக்குப் போடப்போகும் அதே தடித்த காலுறையைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. கடையின் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்பக்கம் இடித்தால், மலை இறங்கி வரும்போது நகம் கறுத்துவிடும். பெண்களுக்கு ஆண்களுக்கான சின்ன எண்ணைக் காட்டி 'இதுவே சரியாக இருக்கும்' என்பார்கள். குதிகால் பிடிக்கிறதா என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காலுறை பருத்தி வேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை நூலோ கலந்தது நல்லது. வாங்கியதும் மலைக்கு ஓடாதீர்கள். வீட்டுக்குள் இரண்டு நாள், பிறகு வாய்க்கால் கரையிலோ தேனூர்ச் சாலையிலோ சில நாள் காலை நடை. பூட்ஸ் கடிக்கும் இடம் ஊரிலேயே தெரிந்துவிடும்.

பெட்டியைப் படியுங்கள்

பொதி செய்த பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்சச் சில்லறை விலையும், புகார் சொல்லத் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் எந்த நாடு என்பதும் வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி விலையை மறைத்திருந்தால் வாங்காதீர்கள்.

தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பல பூட்ஸின் நடுத்தட்டு பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் காற்றின் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். கிடங்கில் சில வருடம் தூங்கிய பூட்ஸ் வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், உள்ளே உளுத்துப்போயிருக்கும். பெரிய தள்ளுபடியில் வருபவை பெரும்பாலும் பழைய சரக்குதான். கட்டைவிரலால் அடித்தட்டின் பக்கவாட்டை அழுத்துங்கள். வெடிப்போ ஒட்டும் பிசுபிசுப்போ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பாதணிகளுக்கான கட்டாயத் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் 2024 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சிறு உற்பத்தியாளர்களுக்குச் சலுகை உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதன் கீழே உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். போலி என்றால் அங்கேயே தெரியும், அங்கேயே புகாரும் செய்யலாம். ஆனால் முத்திரை மட்டும் நீர் புகாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. அதைக் கடைக்காரரிடம் கேட்டு, ரசீதிலேயே 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான பாதணிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ரசீதில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

காலுக்கு வரும் கேடுகள்

ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். சுரீரென்று எரிச்சல் தொடங்கும்போதே உட்கார்ந்து, காலைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தால் கொப்புளம் உடையும். உடைந்த தோலைப் பிய்க்காதீர்கள்.

விரல் இடுக்கில் வெளுத்து, அரித்து, நாறும் சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. வயலில் நிற்பவருக்கு மட்டுமல்ல, நாள் முழுக்க மூடிய பூட்ஸில் இருப்பவருக்கும் வரும். மருந்துக்கடையில் கேட்காமலேயே எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிச் சரியான மருந்தை வாங்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால் கல் குத்துவதும் தெரியாது, பூட்ஸ் கடிப்பதும் தெரியாது. சின்னப் புண் விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் பாதத்தைப் பரிசோதித்துக்கொண்ட பிறகு மலைநடை பற்றி முடிவு செய்யுங்கள். எல்லோரும், போடுவதற்கு முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். தேள் ஒதுங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

வயலுக்கும் வாய்க்காலுக்கும்

அன்று என் காலுக்கு நார் கட்டிய பெரியவர், குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பில்தான் நின்றிருந்தார். அவருக்கு அந்த ஈரப்பாதை தினப்பாடு. எங்கள் சமயநல்லூரைச் சுற்றியும் சோழவந்தான் பக்கமும் ராத்திரியில் மடை திருப்பப் போகிறவர்கள் வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறார்கள். நீர் புகாத பூட்ஸ் உண்மையிலேயே உயிரைக் காப்பது இவர்களுக்குத்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாகத் தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கடி அதிகம் விழுவது காலில். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முழங்கால் உயரக் கம்பூட்டும் ஒரு டார்ச் லைட்டும் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில், காலில் உள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி நுழைவதையும் கம்பூட் தடுக்கும். இதை மலை ஏறப் பயன்படுத்தாதீர்கள், கணுக்காலைப் பிடிக்காது. சேற்றுக்கு இது, மலைக்கு அது.

பாம்பு கடித்துவிட்டால் பூட்ஸ், கொலுசு, மெட்டியை உடனே கழற்றிவிடுங்கள், கால் வீங்கும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழையுங்கள். 2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். ஈரத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள், ஒரு நாள் கூலிக்கும் குறைவான செலவில் அவர்கள் காலுக்குக் காப்பு வாங்கித் தரலாம். தர வேண்டும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும் காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ரசீது தர மறுப்பதும் அப்படியே.

நான் செய்ததைச் சொல்கிறேன். பிளந்த அடி, பெட்டியில் உள்ள தேதி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்து விற்றவருக்கு எழுதினேன். 'பயன்படுத்திய பொருளை ஏற்க முடியாது' என்று பதில் வந்தது. அதே ஆவணங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். மாதம் முடிவதற்குள் முழுப் பணமும் வந்தது.

இணைய விற்பனைத் தளங்கள் குறைதீர் அலுவலரை நியமித்து, புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குப் போடலாம். செலுத்திய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2025 முதல் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் உள்ளிட்டோர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

சின்னத் தொகைக்கு யார் அலைவது என்று தோன்றும். 2019-இல் சண்டிகரில் பாட்டா கடையில் ஷூ வாங்கியவரிடம் காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கினார்கள். அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 3 ரூபாயைத் திருப்பித் தருவதோடு இழப்பீடு, வழக்குச் செலவு, நுகர்வோர் நிதி என 9,000 ரூபாய் கட்ட அந்த நிறுவனத்துக்கு உத்தரவானது.

காடு ஏறும் முன்

எந்தப் பூட்ஸும் காட்டு வெள்ளத்தையோ தீயையோ தடுக்காது. 2018 மார்ச் 11-இல் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேரை இழந்தோம். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து, அந்தந்தப் பகுதி மக்களே வழிகாட்ட, நடக்கலாம். அனுமதியில்லாத பாதையில் ஏறாதீர்கள்.

திரும்பி வந்ததும் பூட்ஸின் உள்தட்டை உருவி, பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். தாள் ஊறினால் மாற்றுங்கள். அடுப்படியிலோ மொட்டைமாடி வெயிலிலோ வைத்தால் ஒட்டு இளகும், தோல் வெடிக்கும். அடி லேசாகப் பிரிந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தைத்து வாங்குங்கள். ஊசித் துளை வழியாகக் கொஞ்சம் நீர் கசியும், ஆனால் அடி கழன்று விழாது. முன்பே சொன்ன வரிசையில் நீர்த்தடுப்பு கடைசியில்தான்.

வருகிற மழைக்காலத்துக்கு முன், பரணில் இருக்கும் பழைய பூட்ஸை ஒரு முறை இறக்குங்கள். பெட்டியில் தேதியைப் படியுங்கள். அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் வீட்டிலேயே உதிரட்டும். மலையில் எல்லோருக்கும் வாழைநார் கிடைக்காது.